அம்மா ஏறி நின்ற பலகை

பிள்ளையள், மாமா இந்தக் கதையைச் சொல்லும்போது எல்லாரும் சிரிக்கிறார்கள். நீங்களும் சிரிக்கிறீர்கள். பக்கத்தில் இருந்து நானும் சிரிக்கிறேன். கலியாண வீடு, சாமத்திய வீடு, எங்கே போனாலும் சாப்பிட்டுக் கை கழுவின ஈரம் காயமுதல் மாமா தொடங்கிவிடுவார். "என்ரை தங்கச்சியை இவன் பலகையில ஏத்திச் சேத்துக்க இழுத்தவன்" என்று. வாய்ப்பேச்சில் மாமாவை வெல்ல இந்தப் பகுதியில் ஆள் இல்லை. ஆனபடியால் நான் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்துப் பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள். நடந்ததைத் திருத்த வேண்டாம்.

முதலில் மேட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். மேடு இல்லாவிட்டால் பலகை இல்லை.

தர்மபுரத்துக்கு உள்ளே, வாய்க்கால் முடிகிற பக்கத்தில் இருக்கிற வயல் உங்கள் அம்மாவின் சீதனக் காணி. உங்கள் அம்மப்பா காடு வெட்டித் திருத்தின நிலம் அது. இரண்டாகப் பிரித்து ஒரு பங்கை மாமாவுக்கும் ஒரு பங்கை அம்மாவுக்கும் கொடுத்தார். இரண்டுக்கும் நடுவில் ஒரு வரம்புதான். சண்டைக் காலத்தில் அம்மாவின் பங்கின் குறுக்கே மண் அணை ஒன்றைக் கட்டியிருந்தார்கள். அதற்கு வேண்டிய மண்ணைப் பக்கத்திலேயே கிண்டி எடுத்திருந்தார்கள். போதாததற்குக் கிரவல் கல்மண்ணும் கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள். நாங்கள் முகாமில் இருந்து திரும்பி வந்தபோது எங்கள் வீடு இல்லை, அந்த அணை இருந்தது. கண்ணிவெடி எடுக்கிற ஆட்கள் வந்து பார்த்து, சரி என்று சொல்லிக் கொடியைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். பிறகு ஒரு டோசர் வந்து ஒரு பின்னேரம் நின்று அணையைத் தள்ளியது. தள்ளியது என்றால், உயரத்தைக் குறைத்தது. குறைத்துவிட்டுப் போய்விட்டது.

அணை இருந்த இடம் மேடாகவும், மண் கிண்டின இடம் பள்ளமாகவும் நின்றுவிட்டன. மேட்டில் தண்ணீர் ஏறாது. அங்கே கோரையும் கோழிச்சூடனும் களையாய் முழங்காலுக்கு மேலே வளரும். பள்ளத்தில் தண்ணீர் வற்றாது. அங்கே விதைத்த நெல் அழுகும். வரம்போரமாய் ஒரு கரை மட்டும் எங்களுக்கு விளையும். வரம்புக்கு அந்தப் பக்கம் மாமாவின் பங்கு கரம் போர்ட் மாதிரி மட்டமாய் இருக்கும். ஒரு பக்கம் விட்ட தண்ணீர் மற்றப் பக்கம் வரை ஒரே மாதிரிப் பரவி நிற்கும்.

அந்த மேட்டை நாங்கள் போடவில்லை. ஆனால் வாய்க்கால் கரையால் போறவர்கள் எங்கள் வயலைப் பார்த்துவிட்டு, "பெண்சாதியின்ரை காணி எண்டால் ஆருக்கு நோகும்" என்று என்னைத்தான் சொன்னார்கள். நான் கனகராயன்குளம் பக்கம் இருந்து வந்த ஆள். வந்த ஆளுக்குச் சொல்லுவது லேசு. இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அந்த மேட்டின் மேல் ஒரு மனிசன் மேல் வருகிற மாதிரிக் கோபம் வந்தது.

சிறுபோகத்துக்குத் தண்ணீர் முறையும் விதைப்பு நாளும் தீர்மானிக்கிற கூட்டம் முடிந்த கிழமை ஒரு பின்னேரம் மாமா சைக்கிளில் வந்தார். முற்றத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். அம்மா குசினிக்குள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தா.

"மச்சான், கோவிக்காதை" என்றார். "இந்தப் போகம் தங்கச்சியின்ரை பங்கையும் நானே செய்யிறன். நடு வரம்பை வெட்டி ஒண்டாக்கினால் எனக்கு மெசின் ஓட்டச் சுகம். உங்கட சாப்பாட்டுக்கு நெல்லு வரும். அதுக்கு நான் பொறுப்பு."

"அப்ப நான் என்ன செய்யிறது?"

"மேசன் வேலைக்குக் கையாளாய்ப் போ. மண்தான் உன்ரை சொல்லுக் கேட்குதில்லை. சீமெந்தாவது கேட்குதோ எண்டு பார்."

மாமா கெட்ட மனிசன் இல்லை. தகப்பனார் திருத்தின நிலத்தில் கோரை நிற்பதை ஒவ்வொரு நாளும் வரம்பில் நின்று பார்க்கிறவர் அவர். அவருக்கும் நொந்திருக்கும். ஆனால் நடு வரம்பு ஒருமுறை போனால் போனதுதான். அப்படிப் போன வரம்புகளை நான் கண்டிருக்கிறேன். முதல் வருடம் உதவி என்பார்கள். அடுத்த வருடம் வழக்கம் என்பார்கள். அதற்கு அடுத்த வருடம் எங்கே வரம்பு இருந்தது என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

அம்மா தேத்தண்ணியோடு வெளியே வந்தா. மாமாவின் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னா:

"அண்ணா, இந்தப் போகம் மட்டும் பொறுங்கோ. விதைச்சு முளைச்ச பிறகு வந்து பாருங்கோ. அந்த மேட்டில பச்சை தெரியாட்டி வரம்பை வெட்டுங்கோ. முதல் வெட்டு நானே வெட்டித் தாறன்."

மாமா தேத்தண்ணியை ஒரு இழுப்பில் குடித்தார். "பிறகு சொல் மாறக் கூடாது, பிள்ளை."

"மாறினால் கேளுங்கோ."

சைக்கிள் படலையைத் தாண்டினவுடன் நான் அம்மாவைப் பார்த்தேன். "என்னட்டை ஒரு சொல்லுக் கேட்காமல் சொல்லிப்போட்டீர்."

"அது என்ரை காணிதானே?"

"ஓம்."

"அப்ப?"

அப்ப என்றால் அப்பத்தான். அதற்கு மேல் கதை இல்லை.

டோசர் ஒன்றைப் பிடித்து வெட்டலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அந்தக் காசு எங்களுக்குக் கட்டாது என்பது ஒரு பக்கம். அது வந்தால் மேட்டை மட்டும் வெட்டிக்கொண்டு போகாது. நல்ல மண்ணையும் சேர்த்து வழித்து எடுக்கும். கீழே கிடக்கிற கிரவல் மேலே வரும். ஏற்கெனவே ஒரு டோசர் செய்த வேலையைத்தான் நாங்கள் தின்றுகொண்டிருந்தோம். மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாய், சேறாக்கி, மேட்டில் இருந்து பள்ளத்துக்கு இழுத்துக்கொண்டு வரவேண்டும். அதற்குத்தான் மட்டப்பலகை. ஊரில் எல்லாரிடமும் ஒரு பலகை இருக்கும். ஆனால் அவை கரம் போர்ட் வயலைத் தடவிவிடுகிற பலகைகள். எங்கள் மேட்டுக்கு அவை காணாது.

முதல் பலகையை நான் இடிந்துபோன பழைய வீட்டின் கதவு நிலையில் இருந்து செய்தேன். பாலை மரம். பாரமாய் இருந்தால் மண்ணை நல்லாய் இழுக்கும் என்பது என் கணக்கு. இரண்டு பக்கமும் சங்கிலி போட்டு, இரண்டு சில்லு உழவு மெசினின் பின்னால் கொழுவினேன். தண்ணீர் முறை வந்தது. இங்கேதான் நான் பிழை விட்டேன். இந்தப் பிழையை வாய்க்கால் கடைசியில் கமம் செய்கிறவன்தான் விடுவான். எங்களுக்குத் தண்ணீர் வந்து சேர்வதே கடைசியில். அடுத்த முறை வருமோ வராதோ என்ற பயம் எப்போதும் இருக்கும். அதனால் தண்ணீர் வந்தால் மடையை அடைக்க எங்களுக்குக் கை வராது. வயல் நிரம்ப விட்டேன். மேடும் மூழ்கட்டும் என்று விட்டேன்.

மூழ்கினதுதான். மேடு எங்கே, பள்ளம் எங்கே என்று எனக்கே தெரியவில்லை. பள்ளத்துக்குள் பலகை ஆழமாய்ப் புதைந்து கொழுவிப் பிடித்தது. மெசின் முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு எழும்பியது. நான் கைபிடியில் தொங்கினேன். பதறிப்போய் வேகத்தைக் குறைத்து மற்றப் பக்கம் திருப்பினால், சேறு குழம்பாகி, பலகை அதற்கு மேலே வழுக்கிக்கொண்டு வந்தது. ஒரு பிடி மண் இழுபடவில்லை.

மாமா நடு வரம்பில் நின்றார்.

"என்ன மச்சான், பாயாசம் காய்ச்சுறியோ?"

நான் குனிந்து சங்கிலியைக் கழற்றினேன்.

"கசுக்கொட்டை போட்டனியோ?"

அம்மா வரம்பில் இருந்தபடியே, "அண்ணாவுக்கும் ஒரு கோப்பை எடுத்து வைக்கிறம்" என்று சொன்னா. மாமா சிரித்துக்கொண்டு போனார்.

தண்ணீர் வடியத் தொடங்கினபோது அம்மா வயலுக்குள் இறங்கினா. மேட்டின் முதுகு எருமை முதுகு மாதிரி வெளியே வந்தது. அது வெளியே வர வர, தண்ணீரின் விளிம்பில் பூவரசம் தடிகளைக் குத்திக்கொண்டு போனா. மேட்டின் உருவம் முழுக்கத் தடியாய்த் தெரிந்தது. "இஞ்சேருங்கோ, தண்ணி இவ்வளவு நிண்டால் காணும். கட்டிமண் பாதி தெரியவேணும், பாதி தாழவேணும்" என்றா. தடி நிற்கிற இடத்தில் இருந்து தடி இல்லாத இடத்துக்கு இழுக்கவேண்டும். வேலை விளங்கிவிட்டது. அடுத்த முறைக்கு இடையில் பலகையைத்தான் மாற்றவேண்டும்.

எங்கள் வளவின் பின்னால் தலை இல்லாத பனை ஒன்று விழுந்து கிடந்தது. ஷெல் பட்டது. பட்ட பனை என்றாலும் வைரம் போகவில்லை. பாதியாய்ப் பிளந்தால் ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் உருளை. தட்டைப் பக்கம் முன்னால் நின்றால் மண்ணைத் தள்ளும். பின்னால் உருண்டை இருப்பதால் புதையாது. அளவுக்கு ஒரு துண்டு வெட்டி மெசின் பெட்டியில் மர ஆலைக்கு ஏற்றிக்கொண்டு போனேன். ஆலைக்காரர் அதை இறக்க விடவில்லை.

"எந்த ஊர் மரம்?"

"தர்மபுரம்."

"கொண்டுபோங்கோ அண்ணை. உங்கட ஊர் மரத்துக்குள்ள மரத்தை விட இரும்புதான் கூட. என்ரை வாள் பல்லை ஆர் தருவினம்?"

அவரில் பிழை இல்லை. அவருடைய வாள் எத்தனை முறை உடைந்ததோ. ஆனால் திரும்பி வரும்போது எனக்குள் ஒரு வெறி வந்தது. எங்கள் நிலத்துக்குள்ளும் கிரவல், எங்கள் மரத்துக்குள்ளும் இரும்பு. அப்ப நாங்கள் வேறு மரத்துக்கும் வேறு நிலத்துக்கும் எங்கே போகிறது? இருக்கிறதை வைத்துத்தான் செய்யப்போகிறேன் என்று மெசினை வீட்டுக்கு ஓட்டினேன்.

பனையை ஆப்பு வைத்துப் பிளந்தேன். கோடரியால் வாய் எடுத்து, பாலை ஆப்பை இறுக்கி, பெரிய சுத்தியலால் அடித்தேன். ஆம், அந்த முதல் பலகையைத்தான் ஆப்பாய் வெட்டினேன். பிளந்த முகத்தில் விரல் நீளத்தில் ஒரு இரும்புத் துண்டு இருந்தது. அம்மா அதைக் குறட்டால் இழுத்து எடுத்துத் தூர வீசிவிட்டு, "அடியுங்கோ" என்றா.

கிரவல் மேட்டைப் பலகை மட்டும் கிளறாது. பல்லு வேண்டும். இடிந்த வீடுகளின் கொங்கிறீற்றில் இருந்து எடுத்த கம்பித் துண்டுகள் எங்களிடம் இருந்தன. அவற்றையும் ஒரு நீட்டு இரும்பையும் கட்டிக்கொண்டு பரந்தன் சந்திக்குப் பஸ்ஸில் போனேன். கண்டக்டர் என்னை விட அந்தக் கட்டுக்குத்தான் இடம் தேடினார். வெல்டிங் கடைப் பெடியன் நான் மண்ணில் கீறிக் காட்டினதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"என்ன அண்ணை, முதலை செய்யிறியளோ?"

"ஓம். ஒரு மேட்டைக் கடிக்கவேணும்."

"எத்தினை பல்லு?"

"முதலைக்கு எத்தினை?"

"எண்ணுற அளவுக்கு நான் கிட்டப் போகேல்லை."

இரண்டு பேரும் சிரித்தோம். நீட்டு இரும்பில் கம்பிகளை வரிசையாய் ஒட்டித் தந்தான். அந்த இரும்பைப் பலகையில் நட்டுப் போட்டுப் பூட்டலாம், வேண்டாத நேரம் கழற்றலாம். கிளறுவதற்குப் பல்லோடு, தடவுவதற்குப் பல்லில்லாமல். நீங்கள் வீட்டுக்குப் பின்னால் ஏறி விளையாடுகிற அந்த "முதலை"க்குப் பெயர் வைத்தது அவன்தான், நீங்கள் இல்லை.

இனிப் பாரம். பலகைக்கு மேலே பாரம் இல்லாவிட்டால் பல்லு இறங்காது. மண் மூட்டை வைத்துப் பார்த்தேன். மூட்டைக்குப் பாரம் இருக்கிறது, புத்தி இல்லை. மேட்டில் பல்லு இறங்கவேண்டும், பள்ளத்துக்கு வந்தவுடன் பலகை மண்ணைக் கக்கவேண்டும். அதற்கு மேலே நிற்கிற பாரம் முன்னுக்கும் பின்னுக்கும் சாயவேண்டும். ஆள்தான் நிற்கவேண்டும். நான் மெசினைப் பிடிக்கவேண்டும். கூலிக்கு ஒருவரைக் கேட்டேன். "உந்தப் பல்லுச் சாமானில நான் ஏறமாட்டன்" என்றார்.

"நான் நிக்கிறன்" என்றா அம்மா.

நான் வேண்டாம் என்று சொன்னதும், அவா அதைக் கேளாததும் உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். ஒரு வேண்டாமோடு நான் நிறுத்திக்கொண்டேன். பிறகு பலகையின் பின்பக்கம் கால் வைக்க ஒரு தட்டு அடித்தேன். பிடிக்க ஒரு கயிறு கட்டினேன். கயிறு மெசினோடு இல்லை, பலகையோடு. விழுந்தால் பின்னுக்குத்தான் விழலாம், பல்லுக்கு முன்னால் விழ ஏலாது. அதைப் பத்துத் தரம் இழுத்துப் பார்த்த பிறகுதான் அவாவை ஏற விட்டேன். இதை மாமா சொல்லுகிறதில்லை.

அடுத்த தண்ணீர் முறை வந்தது. உங்கள் இரண்டு பேரையும் பக்கத்து வீட்டு மாமியிடம் விட்டுவிட்டுப் போனோம். அம்மா பாவாடைக்கு மேலே என் பழைய சேட்டைப் போட்டு, தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு வந்தா. தண்ணீரை அவா சொன்ன அளவில் நிறுத்தினேன். பலகையில் ஏறி நின்றா.

வாய்க்கால் கரையில் ஆட்கள் நின்றார்கள். தண்ணீர் முறை பார்க்கிற ஐயாவும் நின்றார். வயது போன மனிசன்.

"தம்பி, பொம்பிளை மட்டப்பலகையில ஏறுறது கூடாது. வயல் விளையாது."

நான் வாய் திறக்கமுதல் அம்மா திரும்பினா.

"ஐயா, களை பிடுங்கப் பொம்பிளை வேணும். அரிவி வெட்டப் பொம்பிளை வேணும். கதிர்க்கட்டைத் தலையில தூக்கப் பொம்பிளை வேணும். அப்பயெல்லாம் விளைஞ்ச வயல் பலகையில ஏறினவுடன விளையாமல் போகுமோ?"

"முந்தி ஒருதரும் ஏறினதில்லை, பிள்ளை."

"முந்தி இந்த மேடு விளைஞ்சதும் இல்லை, ஐயா. இரண்டையும் மாத்திப் பாப்பம்."

கரையில் நின்ற ஒரு அக்கா பலமாய்ச் சிரித்தா. ஐயாவும் சிரித்துவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு நின்று பார்த்தார். நான் மெசினைக் கியரில் போட்டேன்.

முதல் இழுவையில் பல்லுக் கிரவலைக் கிளறின சத்தம் பல்லைக் கடிக்கிற மாதிரி இருந்தது. அம்மா உடம்பை முன்னுக்குச் சாய்த்தா. பல்லு இறங்கியது. சேறும் கிரவலும் பலகைக்கு முன்னால் சுருண்டு சுருண்டு வந்தன. தடி வரிசையைத் தாண்டினவுடன் அவா குதிக்கால்களுக்குப் பாரத்தைக் கொடுத்தா. பலகையின் மூக்கு எழும்பி மண் பள்ளத்துக்குள் சரிந்தது. திரும்பினோம். திரும்பவும் மேடு. திரும்பவும் பள்ளம். "ம்" என்றால் சாய்கிறா என்று எனக்குத் தெரியும். "ஆ" என்றால் விடுகிறா. மெசின் சத்தத்துக்குள்ளேயும் எனக்கு அந்த இரண்டும் கேட்டது. ஒருமுறை வழுக்கி இடுப்பளவு சேற்றுக்குள் இருந்தா. எழும்பி, "நிக்காதேங்கோ, ஓட்டுங்கோ, நான் ஏறுறன்" என்றா. அந்தப் போகத்தில் முதல்முறையாய் மேடு அசைந்தது. அதை நாங்கள் கண்ணால் கண்டோம்.

வெயில் ஏறினபோது பல்லு எதிலோ கொழுவியது. கல்லில் கொழுவினால் ஒரு குலுக்கல் வரும். இது குலுக்கவில்லை, இழுத்தது. இரும்பு இரும்பில் உரசின சத்தம் வந்தது.

"நிப்பாட்டுங்கோ!" என்று அம்மா கத்தினா.

நிற்பாட்டினேன். வன்னியில் இருக்கிறவருக்கு அந்தச் சத்தத்தை விளங்கப்படுத்தத் தேவையில்லை. கரையில் நின்றவர்கள் பின்னுக்குப் போனார்கள். மாமா மட்டும் வரம்பில் முன்னுக்கு ஓடி வந்தார்.

"பிள்ளை, பக்கத்தில கால் வையாதை! பலகை வந்த தடத்தால வா! மச்சான், நீயும் அப்பிடியே!"

பலகை இழுத்த தடத்தில் ஒரு காலுக்கு முன் ஒரு காலாய் வைத்து அம்மா முன்னால் நடந்தா, நான் பின்னால். மெசின் நடு வயலில் நின்றது. கரைக்கு வந்து சேர்ந்தோம். மாமா அம்மாவின் கையைப் பிடித்தவர், அவாவை வரம்பில் இருத்தும்வரை விடவில்லை.

கிராம சேவகரிடம் சொன்னால் வெடி எடுக்கிற ஆட்கள் வருவார்கள். வரும்வரை வயலில் இறங்க ஏலாது. அதற்குள் தண்ணீர் முறை முடிந்துவிடும், விதைப்பு முடிக்கச் சொன்ன நாளும் கிட்ட வந்துவிடும். "சும்மா தகரமாய் இருக்கும், இழுத்துப் பார்" என்று கரையில் ஒருவர் சொன்னார். நான் அம்மாவைப் பார்த்தேன். அவா மேட்டைப் பார்த்தா. பிறகு, "போய்ச் சொல்லுங்கோ" என்றா. காணி போனாலும் பரவாயில்லை என்று அவா சொல்லவில்லை. அப்படி நினைக்கவும் இல்லை. ஆனால் அந்த மேட்டுக்கு எங்களில் ஒருவரையும் கொடுக்க அவா ஆயத்தம் இல்லை. தைரியம் என்று ஊரில் எதையெல்லாமோ சொல்லுவார்கள். நான் கண்டது அன்றைக்கு அவா அந்தச் சொல்லைச் சொன்னதுதான்.

ஆட்கள் வந்தார்கள். கருவியை வைத்துக் கேட்டுக் கேட்டு, மெல்ல மெல்லக் கிண்டினார்கள். கடைசியில் ஒரு சைக்கிளை எடுத்தார்கள். முழுச் சைக்கிள். சில்லு வளைந்து, கைபிடியில் கயிற்றால் கட்டின ஒரு வாளியின் வளையமும் இருந்தது. ஆர் தள்ளிக்கொண்டு வந்து, ஆர் விட்டுவிட்டுப் போனதோ. வந்தவர்களில் ஒருவர், "ஐயா, காத்து மட்டும் அடிச்சால் ஓடலாம்" என்றார். ஒருவரும் பெரிதாய்ச் சிரிக்கவில்லை. அதை வரம்போரம் வைத்தோம். மிச்ச மேட்டையும் கருவி வைத்துப் பார்த்து, வேறு ஒன்றும் இல்லை, செய்யலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஆனால் சேறு காய்ந்து வெடித்திருந்தது. எங்கள் முறை முடிந்து வாய்க்காலில் ஈரம் மட்டும் கிடந்தது. அடுத்த முறை வர விதைப்பு நாள் கடந்துவிடும். நான் வரம்பில் குந்தியிருந்தேன். அம்மா மண்வெட்டியால் காய்ந்த கட்டிகளை உடைத்துக்கொண்டிருந்தா. தண்ணீர் இல்லாமல் அது பிரயோசனம் இல்லை என்று அவாவுக்கும் தெரியும். ஆனாலும் உடைத்தா.

மாமா தன்னுடைய வயலில் தண்ணீரைக் கட்டி வைத்திருந்தார். விதைப்பதற்கு ஆயத்தமாய், கண்ணாடி மாதிரி நின்றது. அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடு வரம்புக்கு வந்தார்.  வெட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

வெட்டினார். ஒரு இடத்தில் மட்டும், ஒரு முழ அகலத்துக்கு. அவருடைய தண்ணீர் எங்கள் பக்கம் பாய்ந்தது.

"மச்சான்..." என்றேன்.

"உனக்கில்லை. நாளைக்கு ஊரில, தண்ணி இல்லாதபடியால்தான் தோத்தவை எண்டு ஒரு கதை வரும். எனக்கு அந்தக் கதை வேண்டாம். நல்லாய்த் தண்ணியோட தோத்துப் போங்கோ."

"குடுத்த தண்ணிக்கு நல்லாய்ப் பாருங்கோ, அண்ணா" என்றா அம்மா. ஏற்கெனவே பலகையில் ஏறி நின்றுவிட்டா.

இப்போது மாமா சொல்லுவார், "என்ரை தண்ணியிலதான் இவை கமம் செய்தவை" என்று. உண்மை. அந்தத் தண்ணீர் மாமாவுடையதுதான். அதில் எனக்கு வெட்கம் இல்லை, நீங்களும் வெட்கப்படவேண்டாம். தண்ணீர் அவர் விட்டார். மேட்டை அவர் இழுக்கவில்லை.

பல்லோடு அன்று முழுக்கக் கிளறினோம். அடுத்த நாள் பல்லைக் கழற்றிவிட்டுத் தடவினோம். கிரவல் பள்ளத்தின் அடியில் போய்ப் படுத்தது. அதற்கு மேலே நல்ல சேறு வந்து மூடியது. பூவரசம் தடிகளை ஒவ்வொன்றாய்ப் பிடுங்கினோம். தண்ணீர் ஒரு பக்கம் போய் நிற்காமல், எல்லா இடமும் ஒரே மாதிரிப் பரவி நின்றது. வெட்டின இடத்தை நானே மண் போட்டு அடைத்து, மிதித்து, வரம்பை முந்தி இருந்ததை விட உயர்த்திக் கட்டினேன். முளை நெல்லை வீசும்போது அம்மா மேடு இருந்த இடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாய் வீசினா. நான் கண்டும் காணாத மாதிரி நின்றேன்.

பச்சை பிடித்தது. பள்ளத்திலும் பிடித்தது, மேடு இருந்த இடத்திலும் பிடித்தது. ஊசி ஊசியாய் எழும்பி நின்ற பயிரில் அது எந்த இடம் என்று அறியாதவருக்குக் காட்ட ஏலாது. நான் காலையும் மாலையும் போய்ப் பார்த்தேன். ஒரு சின்ன இடம் மட்டும் வெறுமையாய்க் கிடந்தது; அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. ஆனால் மாமா வருகிற நாளும் வந்தது. மண்வெட்டியோடுதான் வந்தார்.

வரம்பால் நடந்தார். நின்றார். குனிந்து பார்த்தார். பிறகு வயலின் நடுவைக் கையால் காட்டினார். அங்கே ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு வெறும் சேறு தெரிந்தது. சைக்கிள் கிண்டி எடுத்த குழி. நாங்கள் நிரப்பியும் அது கொஞ்சம் இறங்கி, முளை அழுகிப்போய்விட்டது.

"உது என்ன, பிள்ளை?"

"அது சைக்கிள் கிடந்த இடம்."

"மேட்டுக்க கிடந்ததுதானே?"

"ஓம்."

"அப்ப மேட்டில பச்சை இல்லை." மாமா சிரிக்கவில்லை. விளையாட்டுக்கும் சொல்லவில்லை. "பச்சை எண்டால் பச்சை. வழுக்கைத் தலையைக் காட்டி மயிர் இருக்கு எண்டு சொல்லக் கூடாது."

எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. ஒரு வயல் முழுக்கப் பச்சை நிற்க, ஒரு பாய்க்குக் கணக்குப் பார்க்கிறார். நான் ஏதோ சொல்ல வாய் எடுத்தேன். அம்மா என் கையில் தட்டிவிட்டு, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலுக்குள் இறங்கினா. தான் கூடுதலாய் வீசின இடத்தில் பயிர் நெருங்கி நின்றது. அங்கே இருந்து பிடி பிடியாய்க் கிளப்பினா. வேர் அறாமல், சேற்றோடு. அந்த வெறும் இடத்துக்குப் போய்க் குனிந்து, ஒரு கை மண்ணை அள்ளிப் போட்டு உயர்த்தி, ஒவ்வொன்றாய் ஊன்றத் தொடங்கினா.

"பிள்ளை, உது கள்ள விளையாட்டு!"

அம்மா நிமிரவில்லை. "எது கள்ளம்?"

"முளைக்கவேணும் எண்டுதான் கதை. நடுறதெண்டு கதை இல்லை."

"பச்சை தெரியவேணும் எண்டுதான் சொன்னனான். முளைச்சோ நட்டோ எண்டு சொல்லேல்லை. காணி என்ரை. நாத்து என்ரை. கையும் என்ரை. இதில உங்கட எது அண்ணா?"

"தண்ணி" என்றார் மாமா.

"அது வந்த வழியை அடைச்சாச்சு."

மாமா என்னைப் பார்த்தார். நான் உயர்த்திக் கட்டின வரம்பைப் பார்த்தார். அதில் காலால் ஒருமுறை மிதித்துப் பார்த்தார். அது இறங்கவில்லை. அம்மா நட்டுக்கொண்டே இருந்தா. வெறும் இடம் ஒரு பக்கத்தில் இருந்து குறைந்துகொண்டு வந்தது. அவாவின் கைக்குப் பயிர் முடிந்துபோனபோது பின்பக்கம் பார்க்காமலே கையை நீட்டினா.

நான் இறங்கப் போனேன். மாமா மண்வெட்டியை என் கையில் திணித்துவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டினார்.

"நீ நில். உனக்கு வேர் அறாமல் கிளப்பத் தெரியாது."

நெருங்கி நின்ற இடத்தில் இருந்து ஒரு பிடியைக் கிளப்பி, வேரைத் தண்ணீரில் அலசி, தங்கச்சியின் கையில் வைத்தார்.